குன்னூருக்கு ஒரு ஹீட்டர், தலைகுந்தாவுக்கு வேறு ஹீட்டர்

நீலகிரியில் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் டிசம்பரில் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எந்த ரூம் ஹீட்டர் நல்லதுங்க?" பெயரைச் சொன்னால் அன்றைக்கே ஆர்டர் போட்டுவிடுவார்கள். நான் பெயர் சொல்வதில்லை, வீடு எங்கே என்று கேட்பேன். ஊட்டியா, குன்னூரா, கோத்தகிரியா? பள்ளத்திலா, மேட்டிலா? காலை வெயில் சுவரில் எப்போது விழுகிறது? மேலே கான்கிரீட்டா, ஷீட்டா? இந்த நாலுக்கும் பதில் வந்த பிறகுதான் ஹீட்டர் பேச்சை எடுக்க முடியும்.

எங்கள் வீடு அப்பர் குன்னூரில். அக்கா வீடு ஊட்டியைத் தாண்டி தலைகுந்தாவில். இடையில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் குளிர்காலம் என்று நாங்கள் சொல்வதும் அவள் சொல்வதும் ஒன்றில்லை. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். உயரம் மட்டும்தான் காரணம் என்றால் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசத்தோடு முடிந்திருக்கும். அவள் வீடு இருப்பது பள்ளத்தில். இரவில் வானம் தெளிவாக இருந்தால் சரிவுகளில் குளிர்ந்த காற்று கனத்துப்போய், கீழே வழிந்து வந்து பள்ளத்தில் தேங்கிவிடும். காந்தல், ரேஸ்கோர்ஸ், தலைகுந்தா என்று வருடாவருடம் உறைபனிப் படம் பேப்பரில் வரும் இடங்கள் எல்லாமே இப்படித் தாழ்ந்த பகுதிகள்தான். தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியின் தழையை வைத்து மூடுவதும் அந்த வாரங்களில்தான். காலையில் மாமா ஸ்கூட்டர் சீட்டிலிருந்து பனியைப் பிள்ளைகளின் ஸ்கேலால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். ஆனால் அதே நாளில் பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில் வந்துவிடும்.

எங்களுக்கு வெயில்தான் இல்லை. வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தைத்தான் அதிகம் பிடிக்கும். ஐப்பசியில் தொடங்கினால், மேட்டுப்பாளையம் பக்கமிருந்து மேகம் ஏறி வந்துகொண்டே இருக்கும். ஜன்னலைத் திறந்தால் வீட்டுக்குள் வந்துவிடும். இரவில் பெரும்பாலும் 10 டிகிரியை ஒட்டி நிற்கும், உறைபனி என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் பட்டுப்புடவையின் ஜரிகை கறுக்கும். பெல்ட்டிலும் தோல் செருப்பிலும் பூஞ்சை பூக்கும். உப்பு ஜாடியில் தண்ணீர் கட்டும். துவைத்த துணி நாள்கணக்கில் நமுத்துக் கிடக்கும். தலைகுந்தாவில் அறையைச் சூடாக்க வேண்டும், குன்னூரில் அறையைக் காயவைக்க வேண்டும். இரண்டும் ஒரே வேலை இல்லை, ஒரே கருவியாலும் நடக்காது. இந்த இரண்டு வீட்டிலும் சில குளிர்காலங்களாகப் பயன்பட்டவற்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. கம்பியைச் சூடாக்கி வேலை செய்யும் ஹீட்டர் எதுவானாலும், அது குவார்ட்ஸோ ஹாலஜனோ ப்ளோயரோ ஆயிலோ, ஒரு யூனிட் கரன்ட்டுக்குத் தரும் வெப்பம் ஒன்றே: 860 கிலோ கலோரி. "குறைந்த மின்சாரம், அதிக வெப்பம்" என்று இவற்றில் எதன் அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். அந்த வெப்பம் யாருக்கு, எப்படி வந்து சேர்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஹாலஜனைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். முன்னால் உட்கார்ந்தால் முழங்கால் சுடும், முதுகு குளிரும். அணைத்த மறு நிமிடம் எதுவும் மிஞ்சாது. குளித்துவிட்டு வரும் பிள்ளைக்குத் தலை துவட்டும் நேரத்துக்கு அது சரி. படுக்கையறையில் போர்வைக்கும் திரைக்கும் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கும் பொருள் அது இல்லை.

ஆயில் ஹீட்டர் மேலானது. ஹேவல்ஸ், உஷா, மார்ஃபி ரிச்சர்ட்ஸ், டெலாங்கி என்று பலரும் விற்கிறார்கள். 11 ஃபின் (வரிசையாக நிற்கும் தகடுகள்), 2,000 வாட்ஸ் என்பதுதான் வழக்கமான அளவு. உள்ளே சீல் செய்த எண்ணெய் இருக்கும், அதை நாம் ஊற்றவோ மாற்றவோ வேண்டியதில்லை. சூடேற அரை மணியாவது எடுக்கும். அணைத்த பிறகும் நெடுநேரம் சூடு தாங்கும். சத்தமும் வெளிச்சமும் இல்லை என்பதால் தூக்கம் கெடாது. கதவைச் சாத்திய சின்ன அறைக்கு ரொம்ப நல்ல பொருள். எங்கள் கூடத்தைப் போல மேலே ஓடு தெரியும் உயரமான இடத்தில் வைத்தால் சூடு கூரைக்குப் போகுமே தவிர ஆளுக்கு வராது.

வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2,000 வாட்ஸ் என்றால் ஏறத்தாழ 9 ஆம்பியர். பழைய வீடுகளின் 5 ஆம்பியர் பாயின்ட்டும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இதைத் தாங்காது. 16 ஆம்பியர் பவர் பாயின்ட் தனியாக இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதன் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை இழுத்துக்கொள்ளும் அளவுக்குச் சுட்டால் சாக்கெட் லூஸ், உடனே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

பில்லையும் சேர்த்து யோசிக்க வேண்டும். தெர்மோஸ்டாட் பாதி நேரம் அணைத்து வைக்கிறது என்றே எடுத்துக்கொள்வோம். இரவு எட்டு மணி நேரத்துக்கு 8 யூனிட், மாதத்துக்கு 240. நம் ஊரில் மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், இந்த ஒரு ஹீட்டரே 480 யூனிட் எடுத்துவிடும். ஃபிரிட்ஜும் கீசரும் சேர்ந்தால் 500 தாண்டும். 500 தாண்டினால் ஸ்லாப் மாறி, மொத்தக் கணக்கும் ஏறிவிடும். அதனால்தான் ஆயில் ஹீட்டரை நான் இரவு முழுக்க ஓட்டச் சொல்வதில்லை. படுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் அறையைச் சூடாக்கிவிட்டு, அதற்குப் பிறகு மின் கம்பளி.

இந்த மின் கம்பளியை ஏன் யாரும் பேசுவதில்லை என்று எனக்குப் புரியவில்லை. மெத்தைக்கு மேல், பெட்ஷீட்டுக்குக் கீழே விரிப்பது. ஒற்றைக் கட்டில் அளவு 100 வாட்ஸுக்குள்தான். இரவெல்லாம் போட்டாலும் ஒரு யூனிட் ஆகாது. எண்பதைத் தொடும் என் மாமியாருக்கு அறை 12 டிகிரியில் இருந்தாலும் படுக்கை கதகதப்பாக இருந்தால் போதும், முழங்கால் வலி இல்லாமல் எழுந்திருக்கிறார். மடித்து வைத்துச் சுவிட்சைப் போடக்கூடாது. சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் படுப்பதற்கு முன்பே சூடாக்கி, ஏறிப் படுக்கும்போது அணைத்துவிட வேண்டும். சுட்டாலே அவர்களுக்குத் தெரியாது.

"ஹீட்டர் ஆக்சிஜனைக் குடித்துவிடும்" என்று அத்தைக்குப் பயம். மின்சார ஹீட்டர் எதுவும் ஆக்சிஜனை எடுப்பதில்லை, நெருப்புதான் எடுக்கும். மூக்கு வறண்டுபோவதற்குக் காரணம் வேறு. 8 டிகிரியில் 95 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை 18 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 50 சதவீதம் ஆகிவிடும். தண்ணீர் எங்கும் போகவில்லை, சூடான காற்றுக்குத் தாங்கும் சக்தி கூடியிருக்கிறது. ஹீட்டரை அணைத்ததும் அந்தத் தண்ணீரெல்லாம் குளிர்ந்த சுவரிலும் ஜன்னல் கண்ணாடியிலும் வந்து உட்காரும். குன்னூரில் ஆயில் ஹீட்டர் மட்டும் வைத்திருக்கும் வீடுகளில் பீரோவுக்குப் பின்பக்கச் சுவர் கறுப்பது இதனால்தான்.

அதனால் எங்கள் ஊருக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது ஹீட்டரே இல்லை, டீஹ்யூமிடிஃபையர். கம்ப்ரசர் வைத்தது. ஒரு சின்ன ஃபிரிட்ஜை உள்ளே மறைத்து வைத்த மாதிரி. குளிர்ந்த சுருளில் காற்றை இழுத்து, ஈரத்தைத் தண்ணீராக்கி டாங்கில் விட்டு, காற்றைச் சூடான சுருள் வழியாகத் திரும்ப அறைக்கே அனுப்பும். வெளியே வரும் காற்று உள்ளே போனதைவிடக் கதகதப்பாக இருக்கும். இதில் ஒரு லாபக்கணக்கு இருக்கிறது. நீராவி தண்ணீராகும்போது லிட்டருக்கு ஏறத்தாழ 0.7 யூனிட் வெப்பத்தை விட்டுக்கொடுக்கிறது. 250 வாட்ஸ் மெஷின் எட்டு மணி நேரத்தில் எடுப்பது 2 யூனிட். நாலு லிட்டர் தண்ணீர் பிடித்தால் இன்னும் கிட்டத்தட்ட 3 யூனிட் வெப்பம் இலவசமாக அறையில் சேர்கிறது. மழை விடாத நாட்களில் காலையில் டாங்கை இழுத்தால் தளும்பத் தளும்ப இருக்கும். வாளியில் ஊற்றும்போது, இவ்வளவும் நேற்றுவரை நம் தலையணையிலும் சுவரிலும் இருந்தது என்று நினைத்தால் கசகசக்கும். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், குடிக்கக்கூடாது.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஃபேன் சத்தம் உண்டு. கதவு ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் குன்னூர் மேகத்தையே வடிக்கப் பார்க்கும். அறை 15 டிகிரிக்குக் கீழே போனால் சுருளில் ஐஸ் கட்டித் திணறும். தலைகுந்தாவுக்கு இது ஒத்துவராததற்குக் காரணம் அதுதான். அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தோம். இரவெல்லாம் ஓடியும் டாங்கின் அடிதான் நனைந்தது.

அக்கா வீட்டில் வேலை செய்வது ஹாட் அண்ட் கோல்டு இன்வெர்ட்டர் ஏசி. "ஊட்டியில் ஏசியா?" என்று எல்லாரும் கேட்டார்கள். இது கரன்ட்டைச் சூடாக மாற்றுவதில்லை, வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சி உள்ளே தள்ளுகிறது. 5 டிகிரிக் காற்றிலும் எடுப்பதற்குச் சூடு இருக்கிறது. சாதாரணக் குளிர் இரவில், ஆயில் ஹீட்டர் எடுக்கும் கரன்ட்டில் மூன்றில் ஒரு பங்கில் அதே வெப்பம் கிடைக்கும். உறைபனி இரவில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். டைகின், ஹிட்டாச்சி உட்படச் சில கம்பெனிகள் இங்கே விற்கின்றன. ஆனால் கோயம்புத்தூர் ஷோரூமில் வெறுமனே ஏசி என்று கேட்டால் சூடு தராத மாடலைத்தான் காட்டுவார்கள்.

வாங்கும்போது ஸ்டிக்கரில் உள்ள நட்சத்திரங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். நம் நாட்டில் ஏசிக்கு நட்சத்திரம் கொடுப்பது குளிரூட்டும் திறனை வைத்து. சூடாக்கும் திறன் தெரிய வேண்டுமென்றால் விவரத்தாளில் ஹீட்டிங் வரிசையைத் தனியாகப் படிக்க வேண்டும். வெளியே எத்தனை டிகிரி வரை ஹீட்டிங் ஓடும் என்பதும் அங்கேதான் இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் கணக்குப்படி ஒரு டன் போதும் என்று வந்தால் ஒன்றரை டன்னாகவே எடுத்துவிடுங்கள்.

மாட்டும் இடம் அதைவிட முக்கியம். அக்கா வீட்டுக்கு நிறுவ வந்தவர் சமவெளியிலேயே வேலை பார்த்தவர். வெயில் படாத வடக்கு மூலையில், தரையோடு தரையாக அவுட்டோர் யூனிட்டை வைத்துவிட்டுப் போனார். ஹீட்டிங்கில் ஓடும்போது வெளி யூனிட்டிலிருந்துதான் தண்ணீர் சொட்டும். அந்தத் தண்ணீர் சிமென்ட் தரையில் உறைந்து, விடிவதற்குள் யூனிட்டின் அடியில் தட்டையாக ஐஸ் ஏறி நின்றது. மாமா அதைக் கிழக்குச் சுவரில், இடுப்பு உயரத்தில் ஆங்கிள் அடித்து மாற்றினார். இப்போது தண்ணீர் சரளைக்கல்லில் விழுந்து வடிந்துவிடுகிறது, காலை வெயிலும் நேராகப் படுகிறது.

இன்னொன்று, பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். குளிர் கடுமையான இரவில் வெளி யூனிட்டின் தகடுகளில் வெள்ளையாகப் பனி படியும். அப்போது உள்ளே ஃபேன் தானாக நின்றுவிடும். வெளியே புஸ்ஸென்று ஒரு சத்தம், பிறகு புகை போல ஆவி எழும். பனியை உருக்குகிறது, அவ்வளவுதான். ஐந்து பத்து நிமிடத்தில் திரும்பச் சூடு வரும். ரிப்பேர் என்று நினைத்து ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சூடான காற்று மேலேயே தங்கிவிடும் என்பதால் காற்று வரும் வாயிலுள்ள மடிப்பை நேர் கீழாகத் திருப்பி, 20 டிகிரியில் விட்டுவிடுவது நல்லது. 28 வைத்தால் வேகமாகச் சூடேறும் என்பது இல்லை, பில்தான் ஏறும்.

ஆடி, ஆவணியில் தென்மேற்கு மழைக்கு மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் ஊட்டிப் பக்கம் கரன்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதற்காக அக்கா வீட்டுக் கூடத்தில் ஒரு புகாரி இருக்கிறது. காஷ்மீர், ஹிமாச்சல் வீடுகளில் இருக்கும் இரும்பு அடுப்புதான், ஊட்டி வெல்டிங் பட்டறையில் தகடு வாங்கிக்கொடுத்துச் செய்தது. திறந்த ஃபயர்பிளேஸில் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். மூடிய அடுப்பில் பாதிக்கு மேல் அறையில் நிற்கும். செய்யச் சொல்லும்போது பட்டறைக்காரரிடம் குழாய் இணைப்பைச் சொல்லிவிடுங்கள்: மேல் குழாயின் நுனி கீழ்க்குழாயின் உள்ளே இறங்க வேண்டும். மழைக்குழாய் மாதிரிதான். தலைகீழாக மாட்டினால் புகையிலிருந்து படியும் தார் போன்ற கீல் ஒவ்வொரு இணைப்பிலும் கறுப்பாகச் சுவரில் வழியும், அந்தக் கறை போகவே போகாது. மரப் பலகையைத் துளைத்துக் குழாய் போகும் இடத்தில் சுற்றிலும் நல்ல இடைவெளி வேண்டும்.

விறகில்தான் புகாரியின் உயிர் இருக்கிறது. ஊட்டியில் ஒருகாலத்தில் விறகுப் பஞ்சம் வந்ததால்தான் வெள்ளைக்காரர்கள் கற்பூர மரத்தை, அதாவது யூகலிப்டஸை, மலை மலையாக நட்டார்கள். இப்போது அக்கா வீட்டில் எரிப்பது சீகை (வாட்டில்) மரமும், எஸ்டேட்டில் கவாத்து அடித்த தேயிலைக் கட்டையும். தேயிலைக் கட்டை சின்னதாக இருந்தாலும் கெட்டி, நின்று எரியும். எந்த விறகானாலும் ஒரு வெயில் காலம் முழுக்கக் கூரைக்குக் கீழே காய்ந்திருக்க வேண்டும். இரண்டு கட்டையைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் இன்னும் ஈரம். மலைப்பகுதி மரங்களுக்கு 1955 சட்டம் இருக்கிறது, சொந்தத் தோட்டத்து மரத்துக்கும் அனுமதி வேண்டும். டிப்போவில் ரசீதோடு வாங்குங்கள்.

கேஸ் ஹீட்டரைக் குன்னூரில் யாருக்கும் நான் சொல்லமாட்டேன். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். ஏற்கனவே நனைந்திருக்கும் வீட்டுக்குள் அவ்வளவு தண்ணீரையும் நாமே கொண்டுவந்து கொட்டுவதுதான் அது. கரி போட்ட கணப்புச் சட்டியை மூடிய அறைக்குள் வைத்துப் படுக்கவே படுக்காதீர்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைக்குள் கரி அடுப்போடு தூங்கி எழாமல் போனவர்களைப் பற்றிய செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, எரிச்சலும் இல்லை. புகை அடங்கிக் கனன்று சிவந்திருக்கும் கரிதான் பயங்கரம். புகாரி வைத்திருப்பவர்களும் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி மாட்டிவிடுங்கள்.

ஷீட் கூரை வீடாக இருந்தால் இதில் எதையும் வாங்கும் முன் அடியில் சீலிங் அடியுங்கள். தெளிந்த இரவில் ஷீட் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோகும். உள்பக்கம் பனித்துளி கோத்துக் கட்டிலில் சொட்டும். தோடர்களின் ஊர்களான மந்துகளில் பழைய வீடுகளைப் பாருங்கள், தவழ்ந்து நுழையும் அளவுக்குத்தான் வாசல், தடிமனான கூரைப் புல். படுகர்களின் ஊர்களான ஹட்டிகளில் வீட்டோடு வீடு சுவரொட்டி வரிசையாக நிற்கும். நாம்தான் நாலு பக்கமும் காற்றாடும் கான்கிரீட் பெட்டியும், ஒற்றைக் கண்ணாடி ஜன்னலும் வைத்துக் கட்டுகிறோம். கதவடி இடுக்கை அடைத்து, கனமான திரை போட்டு, தலைகுந்தா மாதிரி வெயிலடிக்கும் ஊரில் பகலில் அந்தத் திரையை முழுக்க விலக்கி வைத்தாலே ஹீட்டர் ஓடும் நேரம் கண்கூடாகக் குறையும்.

பழைய பங்களாக்களில் இருப்பவர்கள், உபயோகமில்லாத ஃபயர்பிளேஸை அடைத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். அடைக்கலாம். சூடெல்லாம் அந்த வழியாகத்தான் போகிறது. ஆனால் செங்கல் வைத்து முழுசாகப் பூசிவிடாதீர்கள். புகைபோக்கிக்குள் மழை இறங்கி, வெளியே போக வழியில்லாமல் இரண்டு பக்கச் சுவரும் ஊறிவிடும். மேலே தகடுக் குல்லா போட்டு, கீழே பலகை வைத்து, பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சல்லடை விட்டால் போதும்.